இரண்டாவது துண்டு யாருக்கு?

"தோர்த்தாவ ரெண்டு துண்டா கட்டிக் குடு" என்றான் தெலியோ, சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டே.

எர்சீலியாவின் கையில் கத்தி அப்படியே நின்றது. கீரையும் அரிசியும் திணித்து அவள் சுடும் தோர்த்தாவில் ஒரு துண்டுக்கு மேல் அவன் தின்று அவள் பார்த்ததில்லை. கல்யாணத்தன்றைக்கே ஒரு துண்டுதான் தின்றான். ரயில்வேயில் கேங்மேனாக இருந்த காலமெல்லாம் அவனுடைய தகர டப்பாவில் ஒரு துண்டுதான் போனது. ஓய்வுபெற்ற பிறகு ஒரு மனிதனுக்கு இரண்டாவது வயிறு முளைக்குமா?

"என்ன, அவ்வளவு பசியா?"

"கடல் காத்துல பசிக்குது."

கடல் காற்று அவன் பிறந்த நாளிலிருந்து அடித்துக்கொண்டுதான் இருக்கிறது. எர்சீலியா மறுபேச்சுப் பேசாமல் இரண்டு துண்டு கட்டிக் கொடுத்தாள். சாந்தோ ஸ்தெஃபானோ ஊரில் அவள் கத்துவதற்கு யாரும் பயப்பட மாட்டார்கள். அவள் பேசாமல் இருந்தால்தான் கதவைச் சாத்திக்கொள்வார்கள்.

அவர்கள் வீடு பழைய ரயில் பாதைக்கு மேலேயே இருந்தது. ரயில் ஓடிய நாளில் அலமாரியில் கோப்பைகள் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும். பிறகு ரயிலை மலைக்குள்ளே தள்ளிவிட்டு, கடலோரம் காலியான பட்டையில் தார் போட்டு சைக்கிள் பாதையாக்கினார்கள். முப்பது வருஷம் அந்தத் தண்டவாளத்தைச் சுத்தியலால் தட்டித் தட்டி நடந்தவன், இப்போது அதே வழியில் காலையில் கிளம்பி மதியம்வரை சைக்கிளில் போய்வந்தான். "ஓய்வு சம்பளத்துக்குத்தான், காலுக்கு இல்ல" என்பான். ஒரு நாளாவது நீயும் வா என்று அவன் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டாலும் பயனில்லை, எர்சீலியாவுக்கு சைக்கிள் விடத் தெரியாது.

அவள் மேலே சிப்ரெஸ்ஸா என்ற மலை ஊரில் பிறந்தவள். அந்த ஊரில் கை தவறி ஒரு எலுமிச்சம்பழம் விழுந்தால் அதைக் கடலில் போய்த்தான் பொறுக்க வேண்டும். சமதளம் என்று இந்தக் கரையில் இருந்ததே ரயில் போன பட்டை ஒன்றுதான், அதில் யார் சைக்கிள் பழகுவது? மலையில் வளர்ந்த பெண்கள் ஒருத்திக்கும் சைக்கிள் தெரியாது. தெரியவில்லையே என்று ஒருத்தியும் வெட்கப்பட்டதும் இல்லை. சைக்கிள் விடும் பெண்கள் எல்லாம் தூரின்காரிகள், மிலான்காரிகள், வெள்ளைத் தொப்பி போட்டு முதுகை நிமிர்த்திப் போகிறவர்கள்.

அப்படி ஒரு தூரின்காரியைப் பற்றித்தான் அந்த வாரக் கடைசியில் பல்மீரா வந்து சொன்னாள். பல்மீரா மீன் கடைக்காரி. கடையில் மீன் தீர்ந்தாலும் சேதி தீராது.

"அடியே எர்சீலியா, சொன்னா கோவிச்சுக்கக் கூடாது."

"கோவிச்சுக்குவேன். சொல்லு."

"அர்மா ஊரத் தாண்டி, பழைய ரயில் குகைக்கு முன்னாடி ஒரு பெஞ்சு இருக்குல்ல? அங்க உன் புருஷனும் அந்த விதவையும் உக்காந்திருந்தாங்க. லிதியாவோ என்னமோ பேரு. போன வருஷம் மாடி வீடு வாங்கினாளே, அவதான். ரெண்டு பேர் சைக்கிளும் ஒண்ணு மேல ஒண்ணு சாஞ்சுக்கிட்டு நிக்குது."

"சைக்கிளப் பத்தி யாருடி கேட்டா? அவங்க என்ன பண்ணிட்டிருந்தாங்க?"

"ஒண்ணும் பண்ணல. அவன் பேசிட்டிருந்தான்."

"தெலியோவா? பேசினானா?"

"கைய ஆட்டி ஆட்டிப் பேசறான்டி. அவ வாயப் பொத்திக்கிட்டுச் சிரிக்கிறா."

எர்சீலியாவுக்கு அங்கேதான் சுருக்கென்றது. கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான் என்று பல்மீரா சொல்லியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. வீட்டில் தெலியோ நாள் முழுக்கப் பேசுவதை ஒரு தீப்பெட்டிக்குள் அடைத்துவிடலாம். உப்பு, ரொட்டி, மழை வரும், கதவைச் சாத்து. இத்தனை வருஷமாக அவளிடம் மிச்சம் பிடித்த வார்த்தையையெல்லாம் கொண்டுபோய் எவள் மடியிலோ கொட்டுகிறான் என்றால் யாருக்குத்தான் பொறுக்கும்?

மறுநாள் தோர்த்தாவில் பூண்டை அள்ளிப் போட்டாள். கூடவே உப்பு நெத்திலியையும் அரைத்துக் கலந்தாள். இதைத் தின்றவன் பக்கத்தில் எவள் உட்காருகிறாள் பார்ப்போம் என்று நினைத்துக்கொண்டாள். மதியம் தெலியோ வந்து காலணியைக் கழற்றினான்.

"லிதியாம்மா உன் கைப்பக்குவத்த ரொம்பப் பாராட்டினாங்க. பூண்டு தூக்கலா இருந்தது அவங்களுக்குப் புடிச்சிருக்கு."

மறைத்திருந்தால் கையும் களவுமாகப் பிடித்திருக்கலாம். மறைக்காதவனை எங்கே பிடிப்பது? எர்சீலியா அன்றைக்குச் சைக்கிள் டயரில் காற்றைப் பிடுங்கிவிட்டாள். அவன் காலையில் முணுமுணுத்துக்கொண்டே காற்றடித்துக்கொண்டு போனான். இரண்டு துண்டும் போனது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் லிதியாவை அவள் நேரிலேயே பார்த்தாள். மெலிந்த உடம்பு, ஒழுங்கான நரை, விரலில் ஒரே ஒரு மோதிரம். அழகி என்று சொல்லிவிட்டால் திட்டித் தீர்த்துவிடலாம், அதுவும் இல்லை. காது கொடுத்துக் கேட்கிற முகம் அது. அந்த முகத்தின் மேல்தான் எர்சீலியாவுக்கு ஆத்திரமாக வந்தது. திங்கட்கிழமை பழைய ஸ்டேஷனில் சைக்கிள் வாடகைக்கு விடும் நுன்சியோவிடம் போய் நின்றாள்.

"எனக்குச் சைக்கிள் கத்துக்குடு."

நுன்சியோ கலாப்ரியாவிலிருந்து வந்தவன், சிரிப்பை அடக்கத் தெரியாதவன். "அக்கா, மூணு சக்கர வண்டி ஒண்ணு இருக்கு. பின்னாடி கூடையெல்லாம் வச்சு..."

"அதுல உக்காந்து ஐஸ்கிரீம் வித்துக்கிட்டுப் போகவா? ரெண்டு சக்கரம் குடு. எங்க வச்சுக் கத்துக்குடுத்தன்னு வெளிய மூச்சு விட்ட, உன் கடைக்கு முன்னாடி நின்னு தினமும் பாட்டுப் பாடுவேன்."

அவள் பாடி ஊரே கேட்டிருக்கிறது. நுன்சியோ ஒத்துக்கொண்டான். பாதையை விட்டால் ஊரில் சமதளம் இன்னொன்றுதான் உண்டு, கல்லறைத் தோட்டத்துக்கு முன்னால் யாரும் பார்க்காத கார் நிறுத்தும் இடம். செத்தவர்கள் வேடிக்கை பார்த்தாலும் சிரிக்க மாட்டார்கள். அங்கேதான் அறுபத்து மூன்று வயது எர்சீலியா பாவாடையைச் சொருகிக்கொண்டு ஏறினாள், விழுந்தாள், சைக்கிளைத் திட்டினாள், தூரின் நகரத்தைத் திட்டினாள், மறுபடி ஏறினாள்.

தோட்டத்து வாசலுக்கு நேர் உள்ளே, காஸ்பரேயின் கல்லறையில் பதித்த படம் தெரியும். ஒவ்வொரு சுற்றுக்கும் அவள் அவனுக்கு ஒரு தலையசைப்புக் கொடுத்துவிட்டுப் போவாள். காஸ்பரே அந்தக் காலத்தில் ரயில்வே கேட் கீப்பர். அவனுக்கு அவள் ஒரு கடன் பட்டிருந்தாள். பதினெட்டு வயதில் ஒரு விடியற்காலை, அப்பா வளர்த்த கார்னேஷன் பூக்களை, பூ ஏற்றிப்போகும் ரயிலுக்குத் தள்ளுவண்டியில் இறக்கிக்கொண்டு வந்தபோது வண்டி கைமீறி ஓடிவிட்டது. எப்படியோ பிடித்து மலைச்சுவரில் மோதவிட்டாள். பூவெல்லாம் தண்டவாளத்தில் சிதறிக் கிடக்க ரயில் வந்தது. வளைவில் யாரோ சிவப்பு விளக்கை ஆட்ட, ரயில் நின்றது. இருட்டில் முகம் தெரியவில்லை. கேட் கீப்பரைத் தவிர வேறு யாராக இருக்கும்? அன்றிலிருந்து ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் காஸ்பரேக்கு ஒரு கேக் போனது. அவன் செத்தபோது அவள் அழுத அழுகையைப் பார்த்து அவன் பெண்டாட்டியே அசந்துபோனாள். இப்போதும் வாரம் தவறாமல் அவன் படத்துக்கு முன்னால் கார்னேஷன் வைப்பவள் எர்சீலியாதான்.

சைக்கிள் வந்துவிட்டது. வராத வித்தை ஒன்று மட்டும் மிச்சமிருந்தது.

"பிரேக்கப் புடிங்கக்கா! பிரேக்கு!"

எர்சீலியா பிரேக்கைத் தொட மாட்டாள். மலை ஊரில் குழந்தைக்கு நடை பழக்கும்போதே சொல்லிவைப்பார்கள்: வண்டி ஓடினால் சக்கரத்தைப் பிடிக்காதே, குப்புறக் கவிழும், மலைப்பக்கம் திருப்பி எதிலாவது முட்டவிடு, கடல்பக்கம் மட்டும் திருப்பாதே. அந்த விதி அவள் எலும்பில் ஊறியிருந்தது. அதனால் ஒவ்வொரு முறையும் கல்லறை இரும்புக் கதவை எட்டிப் பிடித்துத்தான் நின்றாள். "பாதையில கதவு இருக்காதுக்கா" என்றான் நுன்சியோ. "மலை இருக்கும்ல?" என்றாள் அவள்.

அடுத்த வாரம் தெலியோ கிளம்பிப் போனதும் அவளும் நுன்சியோவின் சைக்கிளில் கிளம்பினாள். பட்டுத் துண்டு ஒன்றைத் தலையில் கட்டிக்கொண்டாள். வாய்க்குச் சாயம்கூடத் தடவினாள். அவர்கள் பெஞ்சுக்கு முன்னால் போய் நின்று, ஒரு வார்த்தையும் பேசாமல் இருவரையும் மேலும் கீழும் பார்த்துவிட்டுத் திரும்பிவிட வேண்டும் என்பது திட்டம். எங்கே எப்படி நிற்பது என்பது மட்டும் திட்டத்தில் இல்லை.

பாதையில் கடல்பக்கம் சைக்கிளுக்கு, மலைப்பக்கம் நடப்பவர்களுக்கு. எர்சீலியா ஏறிய கணத்திலிருந்து மலைப்பக்கமே போனாள். கடல் இடதுகைப் பக்கத்தில் பளபளவென்று கூப்பிட்டது. அதைத் திரும்பிப் பார்த்தால் கவிழ்ந்துவிடுவோம் என்ற பயத்தில் அவள் பார்க்கவே இல்லை. நாய் பிடித்துக்கொண்டு வந்த ஒரு பெரியவர் புதருக்குள் பாய்ந்தார். "பைத்தியமா உனக்கு? அந்தப் பக்கம் போம்மா!" என்று கத்தினார். "நீ போய்யா அந்தப் பக்கம்!" என்று அவளும் கத்தினாள். பக்கத்து ஊர் ரீவாவில் காபிக்கடை வாசலில் நின்றவர்கள் கைதட்டினார்கள். அர்மாவைத் தாண்டும்போது அவளுக்கே தன்மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது. இத்தனை வருஷம் இதை எனக்கு யாரும் தரவில்லையே, அவன் மட்டும் தினமும் அனுபவித்தானே என்று புதிதாக ஒரு பொறாமையும் கூடவே சேர்ந்துகொண்டது.

குகை வாய் தெரிந்தது. அதற்கு முன்னால் பெஞ்சு. இரண்டு முதுகுகள், ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்த இரண்டு சைக்கிள்கள், நடுவில் அவள் மடித்துக் கொடுத்த காகிதப் பொட்டலம். எர்சீலியா மலைப்பக்கம் திருப்பினாள். அரளிப் புதர் அவளை வாங்கிக்கொண்டது. கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்த இருவருக்கும் பேச்சு சுவாரசியத்தில் ஒன்றும் கேட்கவில்லை. இலைகளுக்கு நடுவில் உட்கார்ந்து, மூச்சு வாங்கிக்கொண்டே அவள் தன் புருஷனின் குரலைக் கேட்டாள்.

"...வளைவுல நான் நிக்கறேன். கையில சிவப்பு வெளக்கு. மேலேர்ந்து தள்ளுவண்டி உருண்டு வருது, பின்னாடியே ஒரு பொண்ணு ஓடி வருது. வேற ஒருத்தியா இருந்தா விட்டுட்டு நின்னு அழுதிருப்பா. இவ முந்தி ஓடி, கைப்பிடியப் புடிச்சு, சுவத்துல மோத விட்டா பாருங்க! பூவெல்லாம் தண்டவாளத்துல. ரயிலும் வந்தாச்சு. நான் வெளக்க ஆட்டினேன், நின்னுது. டிரைவர் எறங்கிக் கத்தறான். இவ குனிஞ்சு ஒவ்வொரு பூவா பொறுக்கறா. 'எங்கப்பன் முதுகு ஒடிஞ்சு வளத்த பூவு, பொறுக்கி முடிக்கற வரைக்கும் நில்லு'ங்கறா. யாருகிட்ட? ரயிலுகிட்ட!"

லிதியா சிரித்தாள். "நின்னுதா?"

"நிக்காம? நானும் வெளக்க எறக்கலயே. அதுக்கு மேலதிகாரிகிட்ட எனக்குச் செம திட்டு."

"அவங்களுக்கு அது நீங்கதான்னு தெரியுமா?"

"எங்க தெரியும். காஸ்பரேன்னு நெனச்சுட்டா. அந்தக் குடிகாரன் அன்னைக்குக் குறட்டை விட்டுட்டிருந்தான். நான் சொல்ல வெக்கப்பட்டு விட்டுட்டேன். அப்புறம் பார்த்தா வருஷா வருஷம் அவனுக்குக் கேக் சுட்டுக் குடுக்கறா. அவனும் தின்னுட்டு வாயத் தொறக்கல. கல்யாணத்துக்கப்புறம் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அந்தக் கேக்க அவன் வீட்டுக்குத் தூக்கிட்டுப் போனவன் யாரு? நான்தான்."

"இப்பவாவது சொல்லலாமே."

"செத்தவன்மேல பொறாமைப்படறியாடான்னு கேப்பா. கேட்டா நான் என்னத்தச் சொல்றது? ஆமாங்கறதா?" தெலியோ மடியில் கிடந்த தோர்த்தாத் துகளைத் தட்டிவிட்டான். "அப்படி ஒரு பொண்ண அதுக்கப்புறம் நான் பார்க்கவே இல்லைங்க."

அரளிப் புதருக்குள் எர்சீலியாவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. விளக்கு இவனுடையதா? அது அவளுடைய காலை, அவளுடைய பூ, அவளுக்கு வரவேண்டிய பேச்சு. அதை ஒரு தூரின்காரி சாவகாசமாகத் தோர்த்தா தின்றுகொண்டே கேட்டுவிட்டாள். அதுகூடப் போகட்டும். பார்க்கவே இல்லையாம்! அந்தப் பதினெட்டு வயசுக்காரியை நினைத்துத்தான் இவன் கையை ஆட்டுகிறான், அவளை நினைத்துத்தான் குரல் குழைகிறது. லிதியாவின்மேல் இருந்த பொறாமை அத்தனையும் அந்த இடத்திலேயே திசை மாறி, வண்டிக்குப் பின்னால் ஓடிவந்த அந்தச் சிறுக்கியின்மேல் போய் விழுந்தது. லிதியாவையாவது தெருவில் நிறுத்தி நாலு வார்த்தை கேட்கலாம். அந்தச் சிறுக்கியை எங்கே போய்ப் பிடிப்பது?

அவள் சைக்கிளைப் புதரிலிருந்து பிடுங்கி ஏறினாள். பெஞ்சைத் தாண்டும்போது கைவலிக்க மணியடித்தாள். தெலியோ திரும்பினான். பட்டுத் துண்டில் அரளி இலை ஒட்டிக்கொண்டு, சாயம் கலைந்த வாயோடு, நடக்கிறவர்களின் பாதையில் காற்றாகப் போவது தன் பெண்டாட்டி என்று அவனுக்கு உறைக்கவே கொஞ்ச நேரமானது.

"எர்சீலியா! அடியே! நில்லு!"

"நான் எதுக்கு நிக்கணும்? ரயிலு நிக்கும், அதுகிட்டச் சொல்லு!"

அவன் சைக்கிளை எடுப்பதற்குள் அவள் குகைக்குள் போய்விட்டாள். உள்ளே போனதும்தான் வம்பு. குகைக்குள் இரண்டு பக்கமும் மலை. எந்தப் பக்கம் திருப்புவது? லேசான இறக்கம் வேறு. சைக்கிள் தானாகவே வேகம் எடுத்தது. பின்னால் தெலியோவின் மூச்சிரைப்பு குகை முழுக்க எதிரொலித்தது. அவன் எப்படியோ மிதித்து அவளுக்குப் பக்கத்தில் வந்து சேர்ந்தான்.

"பிரேக்கப் புடி!"

"மாட்டேன்! ஏண்டா எங்கிட்டச் சொல்லல?"

"மொதல்ல பிரேக்கப் புடிம்மா, கவுந்துருவே!"

"எத்தனை வருஷமா எங்கையால அந்தக் குடிகாரனுக்குக் கேக்கு! அவளுக்குச் சொல்ல வாய் வருது, எனக்குச் சொல்ல வரலியா?"

"நீ கேக்கலியே. அவங்க கேட்டாங்க."

"உன்கிட்ட உப்பு வேணுமான்னு கேட்டதுக்கே நீ பதில் சொன்னதில்ல!"

எதிரே குகையின் மறுவாய் வெளிச்சமாகத் தெரிந்தது. அதற்கப்பால் பாதை வளைகிறது, வளைவில் கம்பித் தடுப்பு, தடுப்புக்குக் கீழே பாறை. தெலியோவுக்கு அந்த வளைவு அங்குலம் அங்குலமாகத் தெரியும். அவன் எழும்பி நின்று மிதித்தான். அவளை முந்தினான். வெளியே போய் வளைவில் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு, மேலே போட்டிருந்த சிவப்புச் சட்டையைக் கழற்றி, பாதை நடுவில் நின்று இடமும் வலமுமாக ஆட்டினான்.

வெளிச்சத்துக்குள் வந்த எர்சீலியா அந்தச் சிவப்பைப் பார்த்தாள். கைகள் தாமாகவே இறுகின. பிரேக் பிடித்தது. சைக்கிள் நின்றது, அவள் மட்டும் நிற்காமல் போய்ப் புருஷன்மேல் விழுந்தாள். இருவரும் தார்மேல் உட்கார்ந்தார்கள். அவள் முழங்கையில் ரத்தம் கசிந்தது. அவள் அதைப் பார்க்கக்கூட இல்லை.

"அதுக்கப்புறம் பார்க்கவே இல்லையோ?" என்றாள். "அப்ப இத்தன வருஷமா உனக்கு ஆக்கிப் போட்டு, உன் அழுக்கத் தொவச்சு, உன் பக்கத்துல படுத்திருந்தது யாருடா?"

தெலியோ அவள் தலைத்துண்டில் ஒட்டியிருந்த அரளி இலையை எடுத்தான்.

"இப்பப் பார்த்தேன்" என்றான். "கொகையிலேர்ந்து வந்தா."

எர்சீலியா அவன் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். அடித்த கையை எடுக்கவில்லை. அதற்குப் பிறகுதான் அவள் அன்றைக்கு முதல்முறையாகக் கடலைத் திரும்பிப் பார்த்தாள்.

சமாதானம் ஆகிவிட்டது என்று பல்மீரா ஊரெல்லாம் சொன்னாள். பொறாமைக்குச் சமாதானம் ஏது? மறுநாள் காலையில் எர்சீலியா சைக்கிளில் கல்லறைத் தோட்டத்துக்குப் போனாள். காஸ்பரேயின் படத்தை முறைத்துப் பார்த்துவிட்டு, வாரத் தொடக்கத்தில் தான் வைத்த கார்னேஷன்களை ஒன்று விடாமல் உருவிக்கொண்டு வந்து, வீட்டில் தெலியோவின் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு தம்ளரில் வைத்தாள்.

"செத்தவன் பூவத் திருடறது பாவம்டி" என்றான் தெலியோ. அவன் முகம் மட்டும் பாவத்துக்கு வருந்துகிற முகமாக இல்லை.

"திருடல. தப்பான வீட்டுக்குப் போனது திரும்பி வந்திருக்கு. அவன் தின்ன கேக்கத்தான் வாங்க முடியாது."

அவள் தோர்த்தாவை வெட்டி இரண்டு துண்டு காகிதத்தில் கட்டினாள். இரண்டு சைக்கிளும் வாசலில் தயாராக நின்றன. தெலியோ பொட்டலத்தைக் கையில் வாங்கி எடை பார்த்தான்.

"ரெண்டுதானா? அந்தம்மாவும் பெஞ்சுக்கு வருவாங்களே."

"வரட்டும், உக்காரட்டும்" என்றாள் எர்சீலியா, தலைத்துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டே. "என் கதைய எனக்கு முன்னாடி தின்னவ அவ. தோர்த்தா வேற கேக்குதா?"